பன்னிரண்டு புகார்களும் ஒரு பெஞ்சும்

மார்ச் 4, செவ்வாய்.

நேற்று மாலை ஆறு மணிக்கு ‘பக்கத்து இருக்கை’ தளம் திறக்கப்பட்டது. இதுவரை சேர்ந்தவர்கள்: 41. தளத்தில் தெரிபவர்கள்: 26. மீதிப் பதினைந்து பேர் எங்கே போனார்கள் என்பதை இன்று காலை பேருந்தில் கண்டுபிடித்தேன். பகல் வகுப்பிலும் வருகை எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மாலை வகுப்பிலும் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. நான் எண்ணை மட்டும் வைத்து ஆளை அடையாளம் கண்டிருக்கிறேன். ஆகவே பகல் ஏழும் மாலை ஏழும் ஒரே ஆளாகிவிட்டார்கள். சிறு தவறு. (‘சிறு’ என்ற சொல்லை மாலையில் மறுபரிசீலனை செய்யவும்.)

மறுபரிசீலனைக்கு அவசியமே இருக்கவில்லை. ஐந்தரைக்கு, இந்தக் குறிப்பை எழுதியவள் கணினி லேபுக்குள் காலை வைத்தபோதே லேப் அக்கா மேசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“வாம்மா நோட்டு! உன்னைத் தேடி ஒரு கூட்டம் வந்துட்டுப் போயிடுச்சு. அடுத்த கூட்டம் படியேறிட்டு இருக்கு.”

‘நோட்டு’ என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருபவரை நாற்காலியில் உட்காரவைத்து, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்பாள். மாலையில் கணினி வகுப்பு. இரண்டு இடத்திலும் கையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். அதில் தேதி போட்டுக் குறிக்காமல் அவள் தும்மியதுகூட இல்லை என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கல்லூரியில் பகல் வகுப்பு ஐந்தரைக்கு முடியும். மாலை வகுப்பு ஆறுக்குத் தொடங்கும். இருவருக்கும் அதே லேப், அதே கணினி, அதே நாற்காலி. பகல்காரர் நாற்காலியை உயர்த்தி வைத்துவிட்டுப் போவார். மாலைக்காரர் திட்டிக்கொண்டே இறக்குவார். மறுநாள் பகல்காரர் திட்டிக்கொண்டே உயர்த்துவார். மூன்று வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்களைச் சேர்த்துவைத்தால் என்ன என்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். நாற்பது கேள்விகள். பதில்கள் பொருந்தினால் இருவருக்கும் தகவல் போகும். பிறகு நட்போ, அதற்கு மேலோ, அது அவரவர் பாடு.

கல்லூரி நிர்வாகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. சேர விரும்புகிறவர் லேப் அக்காவின் மேசைக்கு நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாதவருக்குத் தளத்தில் இடம் இல்லை.

ப்ராஜெக்ட் மேடம் போட்ட நிபந்தனை வேறு.

“ப்ரோக்ராம் ஓடுறது எனக்குப் பெரிய விஷயம் இல்ல. ஓடாத ப்ரோக்ராமுக்கும் பாஸ் போட்டிருக்கேன். ஆனா நீங்க ஜோடி சேர்க்கப் போறேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இருபதாம் தேதி மதிப்பீடு. அன்னைக்கு ஒரே ஒரு ஜோடி என் முன்னாடி வந்து, ‘இந்தத் தளத்தாலதான் பழக்கமானோம், இனிமேலும் பார்த்துக்கப் போறோம்’னு சொல்லணும். இல்லன்னா பாஸ் இல்ல.”

“ஒண்ணே ஒண்ணு போதுமா மேடம்?” என்று அன்று கேட்டது அவளேதான்.

பாஸ் ஆகாமல் போனால் அவளுக்கு வேறு வழி இல்லை. போன வருடம் ப்ராஜெக்டை முடித்தும் அவள் ஒப்படைக்கவில்லை. சரியாக இருக்கிறதா என்று மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருந்ததில் கடைசித் தேதி போய்விட்டது. இந்த முறையும் தவறினால் சேர்க்கை ரத்து. மூன்று வருட மாலைப்பொழுதுகளுக்குக் கையில் ஒரு தாள்கூட மிஞ்சாது.

படியேறி முதலில் வந்தவர் மாலை வகுப்பு எண் ஒன்பது. பகலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“என்னம்மா இது? ‘வயது பத்தொன்பது. கனரக வாகன அனுபவம் பதினைந்து வருடம். தனியாக ரோட்டைக் கடக்கப் பயம்’னு போட்டிருக்கு! என்கிட்ட வண்டி கத்துக்க எவன் வருவான்?”

அவர் முதுகுக்குப் பின்னாலேயே பகல் வகுப்பு எண் ஒன்பது, கண்ணில் நீர் முட்ட நின்றுகொண்டிருந்தாள். “அக்கா, எனக்கு ஒருத்தர் ‘ரிவர்ஸ் எடுப்பீங்களா’ன்னு மெசேஜ் அனுப்பறார்.”

இருவரையும் சமாதானப்படுத்தி அனுப்பியபின் வந்தவன் கூச்சல் போடவில்லை. ஓரக்கோடு போட்ட முழுத்தாள் ஒன்றை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தான்.

“பகல் வகுப்பு, எண் இருபத்துமூணு. எழுதியே கொண்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?”

“படிங்க.”

“‘என் பக்கத்தில் கீழ்க்கண்டவாறு உள்ளது. பிடித்த வேலை: பென்சில் சீவுவது, தேவை வருமுன்பே. பயம்: கதவைப் பூட்டாமல் வந்துவிட்டோமோ என்பது. விடுமுறையில் செய்வது: அடுத்த வார வேலைகளைப் பட்டியலிடுவது, பட்டியல்கள் அதிகமானால், பட்டியல்களுக்கு ஒரு பட்டியல்.’ இது நான் இல்லீங்க.”

அவளுக்குக் காது மடல் சூடேறியது. மாலை வகுப்பின் இருபத்துமூன்று அவள்தான். தளத்தைச் சோதிக்க முதல் ஆளாகத் தன்னையே சேர்த்து, நாற்பது கேள்விக்கும் உண்மையாகவே பதில் எழுதித் தொலைத்திருந்தாள்.

“அது வேற ஒருத்தரோட பதில். கலந்துபோச்சு.”

“யாரோடதுங்க?”

“சொல்லக்கூடாது. விதி இருக்கு.”

“சரி. அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா? பூட்டின கதவைத் திரும்பிப் போய்ப் பார்க்கறது ஒரு கேள்வியில ரெண்டு தடவைன்னு இருக்கு. இன்னொரு கேள்வியில மூணுன்னு இருக்கு.”

“மழை நாள்ல ரெண்டு, மத்த நாள்ல மூணு,” என்றாள் சட்டென்று. பிறகு சுதாரித்துக்கொண்டு, “அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்,” என்றாள்.

அவன் அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

அவள் நோட்டைத் திறந்து ‘புகார் 1’ என்று எழுதினாள். அதன் கீழே ஒரு புது விதியும் போட்டாள். இனிப் புகார்கள் தினமும் 5.40 முதல் 5.55 வரை, படியருகே உள்ள பெஞ்சில், எழுத்து மூலம்.

“தினமும் வரலாமா?” என்று கேட்டான் பகல் இருபத்துமூன்று.

“குறை இருந்தா வரலாம்.”

“இருக்கும்,” என்றான் உறுதியாக.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்புமுன், அவள் தளத்தை அடியோடு கலைத்தாள். வருகை எண்ணே வேண்டாம். எல்லோரும் புதிதாகச் சேர வேண்டும், புதுப் பதிவேட்டில் புதுக் கையெழுத்து. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் லேப் அக்காவிடம் மட்டும் இருக்கும். தளத்தைக் கட்டியவளுக்குத் தலை எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இனி அவளே நினைத்தாலும் யாரையும் யாரோடும் கலக்க முடியாது.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அண்ணி சிரித்தாள். “சாக்ஸுக்கெல்லாம் எண் போட்டு வச்சிருக்கறவ நீ. அதே பழக்கத்துல மனுஷங்களுக்கும் போட்டா இப்படித்தான் ஆகும்.”

“என் சாக்ஸ் ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல அண்ணி.”

“தொலையாது. ஆனா ஒரு சாக்ஸ் இன்னொரு சாக்ஸைப் பிடிச்சுப்போய்ச் சேர்ந்ததாவும் சரித்திரம் இல்ல.”

நாற்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் மறுபடி சேர்ந்தார்கள். அவள் அதை நோட்டில் ‘திருப்தி’ என்று குறித்தாள். பிறகு ‘ஓரளவு’ என்று முன்னால் சேர்த்தாள்.

மாலை ஐந்து நாற்பதுக்கு, பகல் இருபத்துமூன்று பெஞ்சில் இருந்தான்.

“‘இருவருக்கு அறுபத்தொரு சதவீதம் பொருத்தம் என்று காட்டுவது மனத்தைப் புண்படுத்தும். மீதி முப்பத்தொன்பதில் தன்னிடம் என்ன குறை என்று அவர்கள் யோசிப்பார்கள்.’”

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. “உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?”

“நான் பொதுவா சொல்றேங்க.”

தொண்ணூறுக்கு மேல் வந்தால் மட்டும் காட்டும்படி அவள் மாற்றினாள். தொண்ணூறுக்கு மேல் இருந்தது ஒரே ஒரு பொருத்தம். தொண்ணூற்றெட்டு சதவீதம்! பகலில் ஒரு பெண், மாலையில் ஒரு வெல்டர். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு சைக்கிள் ஸ்டாண்டில் சந்திப்பதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சேதி கசிந்து, லேப் ஜன்னல் முழுக்கத் தலைகள். லேப் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். தளத்தைக் கட்டியவள் மட்டும் கீழே போய், ஒரு தூணுக்குப் பின்னால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ‘ஜோடி 1’ என்று எழுதிக் கோடும் இழுத்துவிட்டிருந்தாள்.

பெண் வந்தாள். வெல்டர் வந்தார்.

“டேய், நீ எங்கடா இங்க?”

“நீ எங்கடி இங்க? வீட்டுக்குப் போகல?”

“ஒருத்தரைப் பார்க்கணும். நீ போ.”

“எனக்கும்தான் ஒருத்தரைப் பார்க்கணும். நீ போ.”

இருவரும் போனைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜன்னலில் யாரோ முதலில் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பெண் தூணை நோக்கி நேராக வந்தாள். “அக்கா, இவன் என் கூடப் பிறந்த அண்ணன். ஒரே வீடு, ஒரே டிவி, ஒரே டூத்பேஸ்ட். தொண்ணூத்தெட்டு வராம வேற என்ன வரும்? எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும். அந்த ரெண்டு சதவீதம் எதுல குறைஞ்சுது?”

“வெளிய போகும்போது ஃபேனை நிறுத்துவேன்னு எழுதியிருந்தேன்,” என்றார் அண்ணன்.

“பாருங்க அக்கா, அதுவும் பொய்!”

அன்றைய புகாரில் பகல் இருபத்துமூன்று, ஒரே முகவரி உள்ளவர்கள் பொருந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தான். அவள் ஒரு படி மேலே போனாள். உறவுக்காரர்கள் அடுத்தடுத்த தெருவிலும் இருக்கலாம் அல்லவா? ஒரே பேருந்துத் தடத்தில் வசிப்பவர்கள் யாரும் பொருந்தக் கூடாது என்று வைத்தாள். விடுதியில் இருந்தவர்கள் ஒரே முகவரி என்பதால் மொத்தமாகக் கழன்றுகொண்டார்கள். தொண்ணூறு என்ற வரம்பைக் கொஞ்சம் இறக்கியதும், மிச்சம் இருந்தவர்களில் ஒரு ஜோடி, சனிக்கிழமை ஒருவர் வீட்டுப் பக்கம் ஒருவர் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்று தனித்தனியாக முடிவெடுத்து, எதிரெதிர்ப் பேருந்தில் ஒருவரையொருவர் கடந்து போனது. திரும்பி வரும்போதும் கடந்தது.

எண்ணிக்கை: 19.

சனி, ஞாயிறு கல்லூரி இல்லை. சனிக்கிழமைக்கு நேரே நோட்டில், ‘புகார் எதுவும் வரவில்லை. நல்லது’ என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ‘நல்லது’ என்பதை மட்டும் ரப்பரால் அழித்தாள். ஏன் என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை வந்த புகார், அண்ணன் தங்கை கூத்துக்குப் பிறகு அவள் தளத்தில் சேர்த்திருந்த புகைப்படங்களைப் பற்றி.

“‘முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பதில்களை யாரும் படிப்பதில்லை. பதில்களில்தான் ஆள் இருக்கிறார்.’”

அவள் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “இதை நல்லா எழுதியிருக்கீங்க.”

“நாலு தடவை திருத்தி எழுதினேன்.”

“ஓரக்கோடு நீங்களே போடறதா?”

“ஆமா. கடையில வாங்கற தாள்ல ஓரம் கம்மியா விடறாங்க.”

“அதேதான்!” என்றாள் அவள். மூன்று வருடமாக இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்காமல் இருந்தாள்.

அன்றே புகைப்படங்களை எடுத்துவிட்டாள். முகம் தெரியாதவர்கள் எப்படி அடையாளம் காண்பது? அதற்கும் ஒரு வழி வைத்தாள்: சந்திக்கும் இடம் நூலக வாசல், அடையாளம், கையில் ஒரு புத்தகம்.

நூலக வாசலில் கையில் புத்தகம் இல்லாமல் நிற்பவர் யாரும் இல்லை என்பதை டிரைவிங் ஸ்கூல்காரர்தான் வந்து சொன்னார்.

“நாலு பேர்கிட்டப் போய் ‘நீங்கதானா’ன்னு கேட்டேன்மா. மூணு பேர் ஓடிட்டாங்க. நாலாவது அம்மா ‘ஆமா, நான்தான்’னு நின்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம்.”

“அப்புறம்?”

“அவங்க நூலகர். என் கையில இருந்த புத்தகத்தை வாங்கி, திருப்பிக் கொடுத்தாச்சுன்னு சீல் அடிச்சு, ‘நன்றி, அடுத்தவர்’னுட்டாங்க.”

அவர் அன்றோடு விலகிக்கொண்டார். போகும்போது, வண்டி கற்றுக்கொள்ள வந்தால் அவளுக்கு மட்டும் இரண்டு வகுப்பு கூடுதலாக எடுப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர்.

இப்படியே ஒவ்வொரு நாளும். கேள்விகள் அதிகம் என்று புகார் வந்தது, பாதியாகக் குறைத்தாள். ஆளின் குணம் தெரியாமல் போய்விட்டது. கேள்விகள் போதவில்லை என்று அடுத்த நாள் புகார் வந்தது, அறுபதாக்கினாள். முப்பத்தெட்டாவது கேள்வியில் ஐந்து பேர் தூங்கிப்போனார்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது என்றான்; பெரிதாக்கினாள். பேருந்தில் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் ஒருவருடைய அந்தரங்க விருப்பங்களை வாய்விட்டுப் படித்தார்கள்.

எண்ணிக்கை: 11.

ஒவ்வொரு புகாருக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும். மீதிப் பத்து நிமிடம் எப்படிப் போனது என்று நோட்டில் பதிவு இல்லை. ஒரு நாள் அவன் கேட்டான்:

“கண்ணாடிக் கடையில, ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு நீங்க கேட்கும்போது, ஒருத்தர் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குன்னு சொன்னா?”

“முதல்லேர்ந்து மறுபடி கேட்பேன்.”

“அலுக்காதா?”

“அலுத்துட்டா தப்பான கண்ணாடி போட்டுக்கிட்டு அவர் ஒரு வருஷம் திரிவாரே. அதை நெனைச்சா அலுக்காது.”

அவன் இதையும் எழுதிக்கொண்டான். புகாரில் இது எங்கே வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கவனமாகக் கேட்கிறவர், குறித்துக்கொள்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

பதினெட்டாம் தேதி வந்தது பதினோராவது புகார். ஓய்வு நேரம் என்ற கேள்விக்கு ‘மாலை’ என்று பொத்தாம்பொதுவாகப் பதில் எழுத விடக் கூடாது, நிமிடக் கணக்கில் கேட்க வேண்டும். இது அவளுக்கு மிகவும் பிடித்துப்போய் அன்றைக்கே செய்தாள். பகல்காரர்களுக்கு ஐந்தரைக்கு வகுப்பு முடியும், பையை எடுத்து வைக்கப் பத்து நிமிடம். மாலைக்காரர்களுக்கு ஆறுக்கு வகுப்பு, இடம் பிடிக்க ஐந்து நிமிடம் முன்னால் போக வேண்டும். ஆக, எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்த நேரம் ஒன்றே ஒன்றுதான். தளம் பதினொரு பேருக்கும் ஒரே தகவலை அனுப்பியது: மாலை 5.40, படியருகே உள்ள பெஞ்ச்.

பத்தொன்பதாம் தேதி, பன்னிரண்டாவது புகாரை அவன் படித்துக்கொண்டிருந்தபோது, லேப் அக்கா பெஞ்சுக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏம்மா நோட்டு, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாரு. எத்தனை பேர் நிக்கறாங்க?”

படியில் நான்கு பேர், சுவரோரம் மூன்று பேர். சிலர் கைகளைக் கட்டியபடி, சிலர் கூரையைப் பார்த்தபடி.

“எதுக்கு நிக்கறாங்க அக்கா?”

“ஜோடியைப் பார்க்க உன் தளம்தான் வரச்சொல்லிச்சாம். உட்கார்ந்து பேச இந்த மாடியில இருக்கறதே ஒரு பெஞ்ச். அதுல ரெண்டு வாரமா நீங்க ரெண்டு பேரும்தானே உட்கார்ந்திருக்கீங்க!”

“நாங்க வேலையா உட்கார்ந்திருக்கோம் அக்கா.”

“அது சரி,” என்றாள் லேப் அக்கா. அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தாளைப் பார்த்தான்.

குழப்பம் வேண்டாம் என்று அவள் உடனே ஒரு அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினாள்: ‘இந்த பெஞ்ச் புகார்களுக்கு மட்டும்.’ நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். யாரும் யாருடனும் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணிக்கை: 6.

இருபதாம் தேதி, வியாழன். ப்ராஜெக்ட் மேடத்தின் அறை லேபுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. ஐந்தரைக்கு மதிப்பீடு. மேடம் நீல நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். லேப் அக்கா பதிவேட்டோடு ஓரமாக நின்றாள்.

“இப்ப எத்தனை பேர்?”

“ஆறு, மேடம்.”

“ஜோடி?”

இதற்கு ஒரு நீளமான விளக்கத்தை அவள் பேருந்தில் தயார் செய்திருந்தாள். மூன்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உட்காரணங்கள். வாயைத் திறந்தபோது, “இல்ல, மேடம்,” என்பது மட்டும்தான் வந்தது.

மேடம் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். “பன்னிரண்டு தடவை தளத்தை மாத்தியிருக்கீங்க. எதனால?”

“புகார் வந்துச்சு, மேடம். ஒவ்வொண்ணையும் அன்னன்னைக்கே சரி பண்ணிட்டேன்.”

“பன்னிரண்டும் ஒரே ஆள் கொடுத்ததா இருக்கே?”

“பகல் இருபத்துமூணு, மேடம். ரொம்பக் கவனமானவங்க. ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”

“மத்த நாற்பது பேர்ல ஒருத்தர்கூடப் புகார் சொல்லலையா?”

“சொல்ல வந்தாங்க, மேடம். ஆனா அதுக்குள்ள ஐந்து ஐம்பத்தஞ்சு ஆயிடும்.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒருத்தர் குறையைத் தீர்க்கறேன்னு முப்பத்தஞ்சு பேரை வெளிய அனுப்பியிருக்கீங்கம்மா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போன வருடம் ஒப்படைக்காமல் தோற்றாள். இந்த வருடம் ஒப்படைத்துத் தோற்கிறாள். முன்னேற்றம் என்று இதை நோட்டில் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எழுதினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“ஆனா ஒண்ணு,” என்றார் மேடம், குரலைக் கொஞ்சம் இறக்கி. “பதினேழு வருஷமா ப்ராஜெக்ட் பார்க்கறேன். செஞ்ச தப்பை ஒண்ணு விடாம இவ்வளவு சுத்தமா எழுதி வச்சவங்க யாரும் இல்ல. எல்லாரும் மறைக்கத்தான் பார்ப்பாங்க. அதுக்காக ஒரு நாள் தர்றேன். நாளைக்கு ஐந்து நாற்பதுக்கு ஒரு ஜோடியோட வாங்க. இல்லன்னா நான் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்.”

“ஒரே நாள்ல எப்படி மேடம்?”

“அது உங்க பாடு. அந்தப் புகார்காரரையும் கூட்டிட்டு வாங்க, எனக்கு அவரைப் பார்க்கணும். தளத்தோட குறை அவ்வளவு தெரியுதுன்னா, அதுக்குள்ளேயே குடியிருக்கற ஆளாத்தான் இருக்கணும்.” மேடம் லேப் அக்காவின் பக்கம் திரும்பினார். “அவர் என்னைக்குச் சேர்ந்தார்னு பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்க.”

லேப் அக்கா பதிவேட்டைத் திறக்கவே இல்லை. கண்ணாடித் தடுப்பு வழியாகப் படியருகே பார்த்தாள். அங்கே பெஞ்சின் ஒரு பாதியைக் காலியாக விட்டு, மறுபாதியில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஓரக்கோடு போட்ட தாள். மணி ஐந்து நாற்பத்தைந்து.

“திறந்து பார்க்க ஒண்ணும் இல்ல மேடம்,” என்றாள் லேப் அக்கா. “முதல் தடவை தளத்தைக் கலைச்ச பிறகு அந்தத் தம்பி இதுல சேரவே இல்லையே.”

மார்ச் 20, வியாழன்.

சேர்ந்தவர்கள்: 6. புகார்கள்: 13. கடைசியானது வாய்மொழியாக வந்தது: பெஞ்சில் பதினைந்து நிமிடம் போதவில்லையாம். விதிப்படி செல்லாது, ஏற்றுக்கொண்டேன்.

நாளைய வேலை: மாலை 5.40-க்கு ஒரு ஜோடியாக மேடம் அறைக்குப் போக வேண்டும்.